ஏர்போர்ட் புகாரும் பத்து ரூவா ஸ்டாம்பும்

வணக்கம் மக்கா, எல்லாரும் சொகமா இருக்கியளா? இன்னைக்கு கையில சுக்குக்காப்பி கிளாஸ் இல்ல, கவனிச்சிருப்பீய. இருக்கது உங்க கமெண்ட்டோட பிரிண்ட் அவுட்டு. போன வீடியோ நம்ம வாகைக்குளம், அதான் தூத்துக்குடி ஏர்போர்ட்டு, புது டெர்மினல் பத்தி. அதப் பேசாம, கீழ பாதிப் பேரு "செக்யூரிட்டில மரியாத இல்லாம பேசுதாங்க, புகார் குடுத்தேன், ஒண்ணும் நடக்கல"ன்னு எழுதிருக்கீய. சரி, என்ன எழுதிக் குடுத்தீய, அத அனுப்புங்கன்னு கேட்டேன். அனுப்பினதப் படிச்சா கோட்டி பிடிக்காத குறைதான்.

ஒண்ணு வாசிக்கேன், கேளுங்க. "பாதுகாப்பு ஊழியர்கள் மிகவும் மோசமாக நடந்துகொள்கிறார்கள். உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்கவும்." அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. என்னைக்கு? எத்தன மணிக்கு? வாசல்லயா, பை ஸ்கேன் பண்ணுத இடத்துலயா? என்ன சொன்னாரு? ஒரு எழவும் இல்ல. இத வாங்குத அதிகாரி "கண்ணியமாக நடக்கும்படி பணியாளர்கள் அறிவுறுத்தப்பட்டுள்ளனர்"ன்னு ஒரு வரி தட்டி மூடிருவாரு. நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்.

2020 ஆகஸ்ட்ல நடந்தது ஞாபகம் இருக்கா? நம்ம தூத்துக்குடி எம்.பி. கனிமொழி, சென்னை ஏர்போர்ட்ல இந்தி தெரியாதுன்னு சொன்னதுக்கு "நீங்க இந்தியரா"ன்னு கேட்டாங்கன்னு ட்விட்டர்ல எழுதினாங்க. ஏர்போர்ட் பாதுகாப்பப் பாக்குத மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அதான் சி.ஐ.எஸ்.எஃப்., உடனே பதில் போட்டது, விசாரணைக்கும் உத்தரவு போட்டது. ஆனா அந்த முதல் பதில்ல என்ன கேட்டாங்க தெரியுமா? எந்த ஏர்போர்ட்டு, எந்த எடம், என்ன தேதி, என்ன நேரம். நாடாளுமன்ற உறுப்பினர்கிட்டயே அதத்தான் கேட்டாங்க மக்கா! நம்மகிட்ட கேக்காமலே விட்டுருவாங்க. அதனால கேக்குமுன்ன நாமளே குடுத்துரணும். அங்கன கேமரா இருக்கு, யாரு எந்த மெஷின்ல நின்னாங்கன்னு டியூட்டி பட்டியல் இருக்கு. நேரமும் எடமும் சரியா இருந்தா, பேரு தெரியாட்டாலும் ஆளக் கண்டுபிடிச்சிரலாம்.

இப்ப அந்த நேரத்த எப்படிப் பிடிக்கது? இதுல எனக்கு ஒரு கோட்டித்தனமான ஆசை உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சோதனை முடிஞ்சு, பெல்ட்ட மாட்டி, செருப்பப் போட்டு, அந்த எடத்த விட்டு வெளிய வந்து நாற்காலில உக்காந்த உடனே உங்க நம்பருக்கே ஒரு வாட்சப் மெசேஜ் போடுங்க. நாலே விஷயம். "3-வது மெஷின், பை வெளிய வார பக்கம், கண்ணாடி போட்டவரு, மீசை இல்ல, 'ஏய்'னு கூப்பிட்டாரு." மெசேஜ் பக்கத்துலயே மணி நிமிஷத்தோட விழுந்துரும். பத்து பைசா செலவில்ல. வீட்டுக்குப் போயி எழுதிக்கிடலாம்னு விட்டீயன்னா, கோவம் அப்படியே இருக்கும், மெஷின் நம்பர் மறந்துபோவும். பேசினத ஒரு எழுத்து மாத்தாம எழுதுங்க. "கேவலமா பேசினாரு" வேண்டாம். என்ன வார்த்தையோ அதே வார்த்தை, இந்தின்னா இந்தி ஒலியத் தமிழ் எழுத்துல. நெஞ்சுல பேர்ப்பட்டை குத்தியிருப்பாங்க, வாசிக்க முடிஞ்சா நல்லது. வாசிக்கேன்னு நெஞ்சுக்கிட்ட போயி மொறைச்சுக்கிட்டு நிக்காதீய.

இரிங்க, யாரு மேல புகார்ங்கத சொல்லாம ஓடுதேன். ஏர்போர்ட்ல நிக்கிற எல்லாரும் ஒரே ஆபீஸ் ஆளு கிடையாது. வாசல்ல டிக்கெட்டும் அடையாள அட்டையும் பாக்கதும், கைப்பையையும் ஆளையும் சோதிக்கதும் பெரிய ஏர்போர்ட்ல காக்கி போட்ட சி.ஐ.எஸ்.எஃப். 1999 கந்தகார் விமானக் கடத்தலுக்குப் பொறவு, 2000-ல ஜெய்ப்பூர்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஏர்போர்ட்டோட பாதுகாப்பா அவங்க கைக்குப் போச்சு. சின்ன ஏர்போர்ட்ல மாநில போலீசும் இருக்கலாம், தோள்பட்டையப் பாருங்க. செக்-இன் கவுண்டர்ல இருக்கவங்க விமானக் கம்பெனி ஆளு, இல்ல அவங்க வச்ச கான்ட்ராக்ட் ஆளு. பாஸ்போர்ட்ல முத்திரை குத்துதவங்க இமிக்ரேஷன், உள்துறை. வெள்ளச் சட்ட கஸ்டம்ஸ், நிதித்துறை. டிராலி, கழிவறை, நாற்காலி இதெல்லாம் ஏர்போர்ட்ட நடத்துதவங்க. மதுரையும் வாகைக்குளமும் இந்திய விமான நிலைய ஆணையம், திருவனந்தபுரம் 2021 அக்டோபர்ல இருந்து அதானி.

எதுக்கு இவ்வளவு சொல்லுதேன்னா, 2022 டிசம்பர்ல ஒரு நடிகரு, மதுரைல அப்பா அம்மாவ சி.ஆர்.பி.எஃப். ஆளுக சிரமப்படுத்தினாங்கன்னு எழுதினாரு. அங்கன இருக்கது சி.ஐ.எஸ்.எஃப்., அது வேற படை. பிரபலம்கிறதால சரியான எடத்துக்குப் போயிச் சேந்தது. நம்ம காயிதம் மாறிப் போனா, "எங்களுக்குச் சம்பந்தமில்லை"ன்னு ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வரும்.

சரி, அந்த நேரத்துல அங்கன என்ன செய்யணும்? குரல ஒசத்தாதீய. "சார், உங்க ஷிப்ட் இன்சார்ஜ்கிட்ட பேசணும்"னு ஒரே வரி. இன்ஸ்பெக்டரோ சப்-இன்ஸ்பெக்டரோ ஒருத்தரு பக்கத்துலயே இருப்பாரு, பெரும்பாலும் அங்கனயே தீந்துரும். அவருக்கு மேல அந்த ஏர்போர்ட் மொத்தத்துக்கும் ஒரு தலைமைப் பாதுகாப்பு அதிகாரி உண்டு. புகார அவரு பதவிக்கு எழுதுங்க, பேரு தேட வேண்டாம். போன எடுத்து வீடியோ பிடிக்கவே பிடிக்காதீய. சோதனை நடக்குத எடத்துல படம் பிடிக்கத் தடை. நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் அந்த நிமிஷத்துல தப்பு உங்க பக்கம் வந்துரும். கைய வச்சுத் தள்ளினா முடிஞ்சது, அரசு ஊழியரத் தடுத்ததா தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 132-வது பிரிவு காத்துக்கிட்டிருக்கு. "ஆமா, உள்ள குண்டுதான் வச்சிருக்கேன்"னு நக்கல் அடிக்கிற மாமாமாரு யாராவது வீட்டுல இருந்தா, கெளம்பு முன்னயே சொல்லி வைங்க. அந்த வார்த்தை வந்தா போலீஸ் ஸ்டேஷன்தான், விமானம் இல்ல. அப்புறம் மணியப் பாத்துக்கோங்க. போர்டிங் கேட்ட 20, 25 நிமிஷம் முன்னயே மூடிருவாங்க, நீங்க நியாயம் கேட்டு முடிக்கட்டும்னு காத்திருக்க மாட்டாங்க.

விதியையும் நடத்தையையும் போட்டுக் கொழப்பாதீய. இது எனக்கு ரொம்ப எரிச்சல். "அல்வாவ எடுத்து வெளிய வச்சுட்டான்"ங்கது புகாரே கிடையாது. வெளிநாட்டு விமானத்துல கைப்பையில திரவம், பசை, ஜெல் எல்லாம் 100 மில்லிக்கு மேல டப்பால இருக்கக் கூடாது. அல்வா நெய்ல மெதக்குது, அவரு அதப் பசைன்னு பாத்தா நீங்க என்ன வாதாடுவீய? செக்-இன்ல குடுக்குத பெரிய பெட்டில போடுங்க. ஊறுகா, மொளகாத்தூளு, மகளுக்கு வாங்கின அருவாமனை எல்லாமே பெரிய பெட்டி. பவர் பேங்க் மட்டும் தலைகீழ், கைப்பையிலதான் இருக்கணும். அல்வாவ எடுக்கும்போது "இந்தக் கருமத்த எல்லாம் எதுக்குக் கொண்டுவாரீங்க"ன்னு கேட்டாரு பாருங்க, அது புகார். அத மட்டும் எழுதுங்க. அல்வா போன துக்கத்தச் சேத்தீயன்னா, அல்வாவுக்கு மட்டும் விதிமுறைய எழுதிப் பதில் குடுத்து மூடிருவாங்க.

பெண்கள பெண் காவலர்தான் தொட்டுச் சோதிக்கணும், திரை போட்ட கூண்டுக்குள்ள. மாறி நடந்தா அது முதல்தரப் புகார். தாலிச் சங்கிலியோ கொலுசோ சத்தம் போட்டா, கழட்டச் சொல்லுமுன்ன "கூண்டுக்குள்ள கையால பாருங்கம்மா"ன்னு நீங்களே கேளுங்க. பேஸ்மேக்கர் வச்சவங்க டாக்டர் குடுத்த அட்டைய கையில எடுத்து வச்சிட்டு, வாசல் மாதிரி நிக்கிற மெஷினுக்குள்ள போகாம, கையால சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. செயற்கைக் கால் விஷயம் உங்களுக்கே தெரியும். 2021 அக்டோபர்ல நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு தடவையும் காலக் கழட்டச் சொல்லுதாங்கன்னு வீடியோ போட்டாங்க, சி.ஐ.எஸ்.எஃப். வெளிப்படையா மன்னிப்புக் கேட்டது. அதே நெலம உங்க வீட்டுல யாருக்காவதுன்னா அந்தச் சம்பவத்தையும் புகார்ல ஒரு வரி சேத்துக்கோங்க.

இப்ப எங்க எழுதுதது? ஏர்சேவான்னு விமானத்துறையோட ஆப் இருக்கு, முதல்ல அதுல போடுங்க. ஏர்போர்ட்டு, விமானக் கம்பெனி ரெண்டுக்கும் அது நல்லது. காக்கிச் சட்ட மேல புகார்ன்னா நான் பெரிசா நம்புதது மத்திய அரசோட பொதுக் குறைதீர்ப்பு போர்ட்டல், பிஜி போர்ட்டல்னு தேடினா வரும். அங்கன நம்ம ஆளுக எல்லாரும் "சிவில் ஏவியேஷன்" அமைச்சகத்தத் தட்டிருதாங்க, ஏர்போர்ட்ல நடந்துச்சுன்னு. தப்பு. சி.ஐ.எஸ்.எஃப். உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ. உள்துறையத் தட்டி, மத்திய ஆயுதக் காவல் படைன்னு உள்ள போங்க. 21 நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு 2024-ல அரசாங்கமே வரையறுத்துருக்கு. அவங்களுக்குத்தான் 21 நாளு, நீங்க வாரக்கணக்குல காத்திருந்து எழுதாதீய. கேமராப் பதிவு அழிஞ்சு மேல மேல பதிவாகிக்கிட்டே இருக்கும். ரெண்டு மூணு நாளுக்குள்ள எழுதி, "அன்றைய சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்"னு ஒரு வரியக் கண்டிப்பா சேருங்க.

மாதிரி வாசிக்கேன், நிறுத்தி எழுதிக்கோங்க. "இன்ன தேதி, இன்ன விமானத்தில் பயணம் செய்தேன். மாலை 4.35 மணியளவில், மூன்றாம் எக்ஸ்ரே இயந்திரத்தில் பை வெளிவரும் பக்கம் நின்ற காவலர், என் 70 வயதுத் தாயாரிடம் இந்தச் சொற்களைச் சொன்னார். அப்போது அருகில் இருந்தவர்கள் நானும் என் சகோதரரும். சோதனைக்கு நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை. சிசிடிவி பதிவைப் பாதுகாத்து, விசாரித்து, முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். "சோதனைக்கு மறுப்புச் சொல்லவில்லை"ங்கத விட்டுராதீய, எதிர்ப்பக்கம் முதல்ல சொல்லுதது அதத்தான். வேலைய விட்டுத் தூக்கணும், ஒரு லட்சம் நஷ்டஈடு வேணும்னு எல்லாம் கேட்டா காயிதத்தோட எடை கொறஞ்சுபோவும்.

இங்கிலீஷ் வராதேன்னு நாலு பேரு கேட்டிருக்கீய. தமிழ்லயே எழுதுங்க. அரசமைப்புச் சட்டம் 350-வது பிரிவு, குறைதீர்க்கக் குடுக்குத மனுவ ஒன்றியத்துலயோ மாநிலத்துலயோ வழங்குத எந்த மொழியிலயும் குடுக்க எல்லாருக்கும் உரிமை உண்டுன்னு சொல்லுது. அதையே முதல் வரியா எழுதிட்டு ஆரம்பிங்க. எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

பதில் வந்து, "அறிவுறுத்தப்பட்டது"ன்னு மூடிட்டாங்கன்னா அங்கனதான் எல்லாரும் விட்டுருதீய. மூடினதும் கருத்துக் கேப்பாங்க. "மோசம்"ன்னு அழுத்தினாத்தான் மேல்முறையீட்டுக் கதவு தொறக்கும். சரி சரின்னு நல்லாருக்குன்னு தட்டிட்டு பொறவு எனக்கு கமெண்ட்டுல அழுதா நான் என்ன செய்ய? மேல்முறையீட்டுல, சிசிடிவி பாத்தீயளா, சம்பந்தப்பட்டவர்கிட்ட விளக்கம் கேட்டீயளான்னு ரெண்டே கேள்வி கேளுங்க. மேல்முறையீட்ட முடிக்க அவங்களுக்கு 30 நாள் கெடு.

ஆர்.டி.ஐ., அதான் தகவல் உரிமை மனு, போடப் போறேன்னு சொன்ன அண்ணாச்சிமாருக்கு ஒரு வார்த்தை. சி.ஐ.எஸ்.எஃப். தகவல் உரிமைச் சட்டத்தோட ரெண்டாம் அட்டவணைல இருக்கு, விலக்கு. ஊழலும் மனித உரிமை மீறலும் மட்டுந்தான் கேக்கலாம். அதனால அவங்களுக்குப் போட்டா கைய விரிப்பாங்க. ஏர்போர்ட்ட நடத்துதது விமான நிலைய ஆணையம்னா அவங்ககிட்ட, "என் புகார் எந்தத் தேதில யாருக்கு அனுப்பப்பட்டது"ன்னு கேளுங்க.

தலைப்புல சொன்ன பத்து ரூவா, அதான் ஆர்.டி.ஐ. மனுவுக்குக் கட்டுத கட்டணம், அந்தக் கதைக்கு வாரேன். நம்ம ஊருல தாலுகா ஆபீசுக்கு மனுப் போடுத பழக்கத்துல, பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப ஒட்டி டெல்லிக்கு அனுப்பிருதீய. தமிழ்நாடு அரசு ஆபீசுக்கு அது செல்லும். மத்திய அரசுக்குச் செல்லாது! போஸ்டல் ஆர்டர், டிடி, இல்ல ஆன்லைன் கட்டணம். போஸ்டல் ஆர்டர் வாங்கப் போனா பத்து ரூவா தாள் இல்லம்பாங்க, இருவது ரூவாயோ அம்பது ரூவாயோ எதையோ நீட்டுவாங்க, வாங்கினா துட்டும் போச்சு. போஸ்டல் ஆர்டர "அக்கவுண்ட்ஸ் ஆபீசர்" பேருக்கு எழுதணும், பேரு எடத்த வெறுமனே விட்டா அதுக்கும் திருப்புவாங்க. பத்து ரூவாக்கு ஸ்டாம்பு, அத அனுப்ப ஸ்பீடு போஸ்ட்டு, திரும்பி வந்ததப் பாத்து வயித்தெரிச்சல், கணக்குப் போட்டுப் பாருங்க. சவத்த விடுங்க, ஆர்.டி.ஐ. ஆன்லைன்ல போட்டா பத்து ரூவா யு.பி.ஐ.ல போயிரும். அங்கன 3000 எழுத்துதான் இடம், அல்வாக் கதைக்கு எடம் இல்ல.

ஐயோ, பெரிய ஒண்ண விட்டுட்டேன். பையில இருந்து துட்டோ நகையோ காணாமப் போனா இந்தப் போர்ட்டல் எதுவும் வேலைக்காவாது, அது போலீஸ் புகார், ஏர்போர்ட்ட விட்டு வெளியேறுமுன்ன. தனியா கூட்டிட்டுப் போயி மானக்கேடா நடத்தினாங்கன்னா தேசிய மனித உரிமை ஆணையம், ஒரு வருஷத்துக்குள்ள. விமானக் கம்பெனி ஆளு மேலன்னா முதல்ல அவங்க நோடல் அதிகாரி, அதான் புகாருக்குப் பொறுப்பானவரு, அங்கன தீரலன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரி.

புகார் நம்பர ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே வாட்சப்புல போட்டு வைங்க, அந்த முதல் மெசேஜ் இருக்கு பாருங்க, அதுக்குக் கீழயே. எழுதினத கமெண்ட்டுல போடுங்க, ஆளு பேரையும் பாஸ்போர்ட் நம்பரையும் அழிச்சிட்டு. நல்லா இருக்கத அடுத்த வீடியோல வாசிக்கேன். "தக்க நடவடிக்கை"ன்னு வந்துச்சுன்னா அதையும் வாசிப்பேன், பொறவு கோவிச்சுக்கிடாதீய. சார்ஜ் மூணு சதவீதம் காட்டுது, வைக்கேன் மக்கா.