சாட்டிலைட் டிவி கார்டு ஹேக்கிங்: ஐந்து கம்பிகளில் நடந்த சண்டை

[திரையில்: ஒரு ஸ்மார்ட் கார்டின் தங்க நிறத் தகடு, மிக அருகில்]

பழைய செட்டாப் பாக்ஸிலிருந்து உருவிய ஸ்மார்ட் கார்டு உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலும் கிடக்கலாம். தகட்டில் மெல்லிய கோடுகளால் பிரிந்த கட்டங்கள் தெரியும். ஸ்மார்ட் கார்டுகளுக்கான ஐஎஸ்ஓ 7816 தரத்தின்படி மொத்தம் எட்டு இடம். அதில் ஒரு கார்டு உயிரோடு இருக்கத் தேவையானவை ஐந்துதான்: மின்சாரம், தரை, ரீசெட், கிளாக், டேட்டா. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, கனடா என்று பல நாடுகளில் ஒரு கூட்டமே இந்த ஐந்து கம்பிகளைக் குடைந்துகொண்டிருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், அது ஏன் பலித்தது, எங்கே உடைந்தது என்பதுதான் இந்த வீடியோ.

கார்டின் வேலையைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. படம் கார்டு வழியாகப் போவதே இல்லை. போகவும் முடியாது, டேட்டா கம்பி ஒன்றே ஒன்று, அதில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம். வேகம் விநாடிக்குச் சுமார் 9600 பிட். இந்தக் கணக்கு எப்படி வருகிறது? கார்டுக்குக் கொடுக்கும் கிளாக் 3.579545 மெகாஹெர்ட்ஸ் என்றால், 372 துடிப்புக்கு ஒரு பிட். வகுத்துப் பாருங்கள், 9622 வரும். இந்த விசித்திரமான எண் அமெரிக்கக் கலர் டிவியின் கிரிஸ்டல் எண். அப்போது எந்த ரிப்பேர் கடையிலும் மலிவாகக் கிடைத்த பொருள்.

சில விநாடிக்கு ஒருமுறை ரிசீவர் ஒரு பொட்டலத்தை வானத்திலிருந்து வாங்கிக் கார்டிடம் தரும். கார்டு சந்தா இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே கணக்குப் போட்டு, அடுத்த சில விநாடிக்கான சாவியைத் திருப்பித் தரும். அந்தச் சாவியை வைத்து ரிசீவர்தான் படத்தைத் திறக்கும்.

இதில் இரண்டு ஓட்டைகள் பிறவியிலேயே இருந்தன. ஒன்று, கார்டு தரும் பதில் அந்தக் கம்பியில் மூடாமல் ஓடியது. இரண்டு, ஒரே ஒளிபரப்பு எல்லா வீட்டுக்கும் போவதால் எல்லாக் கார்டுக்குள்ளும் இருக்கும் அடிப்படை ரகசியம் ஒன்றே. எங்கோ ஒருவர் ஒரு கார்டைத் திறந்துவிட்டால் அந்தத் தலைமுறைக் கார்டுகள் அத்தனையும் திறந்த மாதிரிதான்.

[திரையில்: ஆறாவது கட்டத்தின் மேல் ஒட்டிய டேப்]

முதல் தந்திரத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டியிருக்கவில்லை. ஆரம்பகாலக் கார்டுகளில் நினைவகத்தில் எழுதுவதற்கான மின்னழுத்தம் வெளியிலிருந்து, ஆறாவது கட்டம் வழியாக வந்தது. சில நிறுவனங்கள் எல்லாச் சேனலையும் திறந்த நிலையில் கார்டைக் கொடுத்துவிட்டு, பணம் கட்டாத சேனல்களை வானத்திலிருந்து கட்டளை அனுப்பி மூடின. அந்த ஆறாவது கட்டத்தின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால்? கட்டளை வரும், கார்டு படிக்கும், ஆனால் எழுத மின்னழுத்தம் இல்லை. சந்தாவை நிறுத்திய பிறகும் படம் ஓடியது. இந்தத் துறையில் நடந்த எல்லாத் தாக்குதல்களிலும் மிக நேர்த்தியானது இதுதான் என்பது எங்கள் கருத்து. பின்னால் வந்த சிப்புகள் அந்த மின்னழுத்தத்தை உள்ளேயே உண்டாக்கிக்கொண்டதால் இந்த வழி அடைபட்டது.

அடுத்த கட்டம் ஐரோப்பாவில். பிரிட்டனின் ஸ்கை நிறுவனம் வீடியோகிரிப்ட் என்ற முறையைப் பயன்படுத்தியது. படத்தின் ஒவ்வொரு கோட்டையும் 256 இடங்களில் ஏதோ ஒரு இடத்தில் வெட்டி, இரண்டு துண்டையும் இடம் மாற்றி அனுப்பும். எங்கே வெட்டியது என்பதைக் கார்டு சொல்லும். ஜெர்மனியில் ஸ்கையின் சிக்னல் நன்றாக விழுந்தது, ஆனால் அங்கே இருப்பவர்களுக்குச் சந்தா விற்கவில்லை. ஸ்டார் ட்ரெக் தொடரின் ஏழாவது பருவத்தைப் பார்க்க வழி தேடிய ரசிகர்களுக்காக, அப்போது மாணவராக இருந்த மார்க்கஸ் கூன் எழுதிய மென்பொருளின் பெயர் சீசன்7. கார்டு இருக்க வேண்டிய இடத்தில் பிசி உட்கார்ந்து பதில் சொல்லும்.

அதற்கான சர்க்யூட் எளிமையானது. கார்டு வடிவில் ஒரு போர்டு, அதிலிருந்து கம்பிகள், பிசியின் சீரியல் போர்ட்டுக்கான மின்னழுத்தத்தை மாற்றித்தர ஒரு மேக்ஸ்232 சிப், அதைச் சுற்றி 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள். பலர் தடுக்கி விழுந்தது எலெக்ட்ரானிக்ஸில் இல்லை, போர்டின் தடிமனில். கார்டு 0.76 மில்லிமீட்டர். சாதாரண போர்டு 1.6 மில்லிமீட்டர். அதைத் திணித்தால் ஸ்லாட்டின் ஸ்பிரிங் தொடுமுனைகள் வளைந்து, அப்புறம் அசல் கார்டைப் போட்டாலும் தொடாது. 0.8 மில்லிமீட்டர் போர்டுதான் வேண்டும். 1994 மே மாதம் ஸ்கை புதிய கார்டுக்கு மாறியதும் பழைய ரகசியம் செல்லாக்காசானது.

[திரையில்: வட அமெரிக்க வரைபடம், மேற்கு 101 டிகிரி சாட்டிலைட்டின் வீச்சு]

இனி முக்கியமான களம். 1994-ல் அமெரிக்காவில் டைரக்டிவி சேவை தொடங்கியது. 18 அங்குல டிஷ் போதும். மேற்கு 101 டிகிரியில் நிற்கும் சாட்டிலைட்டின் வீச்சு எல்லையோடு நிற்காமல் தெற்குக் கனடா முழுவதும் விழுந்தது. ஆனால் டைரக்டிவிக்குக் கனடாவில் உரிமம் இல்லை. அமெரிக்க முகவரி ஒன்றைக் கொடுத்து ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் சாம்பல் சந்தை; கார்டை மாற்றி எழுதியவர்கள் கறுப்புச் சந்தை. முறையாக வாங்க வழியில்லாத ஊரில் சட்டமும் பல ஆண்டுகள் தெளிவில்லாமல் இருந்ததால், கார்டு எழுதித்தரும் தொழில் அங்கே செழித்தது.

டைரக்டிவியின் இரண்டாம் தலைமுறைக் கார்டுக்கு இவர்கள் வைத்த பெயர் ஹெச் கார்டு. ஐரோப்பாவில் செய்தது போல வெறும் மென்பொருளால் இதைப் போலி செய்ய முடியவில்லை. உள்ளே இருந்த தனிச் சுற்று ஒன்று கணக்கின் முக்கியமான பகுதியைச் செய்தது. அதனால் அசல் கார்டையே எடுத்து, அதன் மாற்றக்கூடிய நினைவகத்தில் தங்கள் குறிமுறையை எழுதினார்கள். எல்லாச் சேனலும் திறந்த கார்டுக்கு '3எம்' என்று பெயர். பிசி, சீரியல் கேபிள், ஐஎஸ்ஓ புரோகிராமர் என்ற சின்னப் பெட்டி, வின்எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருள், அதில் ஓடும் ஸ்கிரிப்ட்: கருவி இவ்வளவுதான். இதில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அசலாகக் கார்டை அலசி ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் அதை இறக்கி ஓட்டியவர்கள், அல்லது ஓட்டித்தரச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள்.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. கார்டைப் புதுப்பிக்க வானத்திலிருந்து அனுப்பும் வழி அதன் கையில் இருந்தது. ஹேக் செய்த கார்டில் மாறியிருக்கும் பைட்டுகளைத் தேடி, கண்டால் கெடுத்துவிடும் கட்டளைகளை அனுப்பியது. இவற்றை ஈசிஎம், அதாவது மின்னணு எதிர்நடவடிக்கை, என்றார்கள். அடிபட்ட கார்டு, மின்சாரம் வந்தவுடன் தன்னைச் சோதித்து, தவறு கண்டு, முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொள்ளும். ரிசீவருக்கு ஒரு பைட் கூடப் பதில் வராது. இதற்கு 'லூப்' ஆன கார்டு என்று பெயர்.

[திரையில்: கிளாக் அலைவடிவம், நடுவில் ஒரு குறுகிய துடிப்பு]

லூப் ஆன கார்டை மீட்கும் கருவி அன்லூப்பர். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கலாச்சாரம் உலகுக்குப் பரவலாக்கிய நுட்பம் இதுதான்.

செயலி ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒரு அடி நகரும். ரீசெட் ஆன பிறகு எத்தனையாவது துடிப்பில் 'பைட் சரியா, இல்லையென்றால் சுழலுக்குப் போ' என்ற கட்டளை ஓடும் என்பது மாறாதது. அந்தத் துடிப்பில் மட்டும் மின்னழுத்தத்தை ஒரு கணம் சரித்தால், அல்லது வழக்கமான துடிப்புக்குப் பதிலாக மிகக் குறுகிய துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், கட்டளையைச் சரியாகப் படிக்கச் சிப்புக்கு நேரம் போதாது. கிளையைத் தவறவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். 1996-ல் ராஸ் ஆண்டர்சனும் மார்க்கஸ் கூனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, 5 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் ஒரு துடிப்புக்குப் பதிலாக 20 மெகாஹெர்ட்ஸ் துடிப்புகளைக் கொடுப்பதை உதாரணமாகக் காட்டுகிறது.

மாற்றிப் பார்க்க வேண்டியவை மூன்று: ரீசெட்டிலிருந்து எவ்வளவு தாமதம், இந்தத் தடுமாற்றம், அதாவது கிளிட்ச், எவ்வளவு நேரம், மின்னழுத்தம் எவ்வளவு ஆழம் சரிய வேண்டும். ஆழம் கூடினால் சிப் முழுதாக ரீசெட் ஆகிவிடும். குறைந்தால் ஒன்றும் நடக்காது. இடம் தவறினால் செயலி தாறுமாறாக ஓடி நினைவகத்தில் குப்பையை எழுதும், அப்போது மீட்க வந்த கார்டு இன்னும் மோசமாகும். ஒரு கார்டுக்குப் பலித்த எண்கள் இன்னொன்றுக்குப் பலிக்காது. ஒவ்வொரு சிப்பின் உற்பத்தியும் சற்றே வேறு, அறையின் வெப்பமும் பவர் சப்ளையும்கூட விளைவை மாற்றும். அதனால்தான் ஸ்கிரிப்ட்கள் ஒரு எல்லைக்குள் எண்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருந்தன. இன்றைக்குப் பாதுகாப்பு ஆய்வகங்களில் சிப்புகளைச் சோதிக்கும் கிளிட்ச் முறையும் அடிப்படையில் இதே மூன்று எண்களைத்தான் தேடுகிறது.

[திரையில்: தேதி — 2001 ஜனவரி 21]

அடுத்தது கறுப்பு ஞாயிறு. அதற்கு முந்தைய பல வாரங்கள் டைரக்டிவி சின்னச் சின்னப் புதுப்பிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பார்த்தால் அர்த்தமில்லாத பைட்டுகள். ஆனால் அவை கார்டில் இருந்தால்தான் படம் வரும் என்று ஆக்கியிருந்ததால், ஹேக்கர்களும் தங்கள் குறிமுறையில் அவற்றைச் சேர்த்தே ஆக வேண்டியிருந்தது. துண்டுகள் எல்லாம் சேர்ந்து, வானத்திலிருந்து வரும் குறிமுறையைக் கார்டுக்குள்ளேயே ஓட்டக்கூடிய ஒரு நிரலாக உருவெடுத்திருந்தன.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஞாயிறு இரவு, அந்த நிரலைப் பயன்படுத்தி அடித்தார்கள். கார்டில் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய பகுதி ஒன்று உண்டு. எழுதியதை அழிக்க வழியில்லை. ஹேக் செய்த ஹெச் கார்டுகளில் அந்தப் பகுதியிலேயே கை வைத்தார்கள். பிறகு கார்டைப் படித்துப் பார்த்தவர்களுக்கு முதல் எட்டு பைட்டுகளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி கிடைத்தது: 'கேம் ஓவர்'.

எதிராளியின் கையாலேயே ஆயுதத்தைத் துண்டு துண்டாகச் சுமக்க வைத்த இந்தத் திட்டம், பொறியியலாகப் பார்த்தால் அபாரமானது. அந்தப் பக்கம் இருந்தவர்களே அன்றைக்கு அதைப் பாராட்டினார்கள்.

கார்டுகள் ஒரேயடியாக ஒழிந்தனவா என்றால் இல்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கிளிட்ச் கொடுத்துக் கார்டைச் சுழலைத் தாண்ட வைக்கும் பூட் போர்டு, கார்டுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வந்தது. இன்னொரு பக்கம் எமுலேட்டர்: பழைய பிசி ஒன்று கார்டாக நடிக்கும், அந்தத் தனிச் சுற்றின் கணக்குக்கு மட்டும் உண்மையான கார்டைக் கேட்கும். வானத்திலிருந்து வரும் கொலைக் கட்டளை பிசியோடு நின்றுவிடும். அதற்குள் அடுத்த தலைமுறையான ஹெச்யூ கார்டுக்குக் கூட்டம் நகர்ந்தது. 2002-ல் வரத் தொடங்கிய பி4 கார்டுக்கு இப்படிப் பரவலான ஹேக் வரவே இல்லை.

சட்டமும் அந்த ஆண்டுகளில் இறுகியது. 2002 ஏப்ரல் 26 அன்று கனடா உச்ச நீதிமன்றம், பெல் எக்ஸ்பிரஸ்வியூ என்ற கனடிய சாட்டிலைட் டிவி நிறுவனத்தின் வழக்கில், கனடாவில் உரிமம் பெற்ற விநியோகஸ்தரின் அனுமதியின்றிக் குறியாக்க சிக்னலைத் திறப்பது குற்றம் என்று தீர்ப்பளித்தது. பணம் கட்டிப் பார்த்த சாம்பல் சந்தைக்காரர்களும் அதில் அடங்கினார்கள். அமெரிக்காவில் டைரக்டிவி, கார்டு புரோகிராமர் வாங்கியவர்களின் பட்டியலை வைத்து 3,500 டாலர் கேட்டுக் கடிதங்கள் அனுப்பியது. புரோகிராமர் என்பது பொதுக் கருவி. பாதுகாப்பு ஆய்வுக்கும் அலுவலக நுழைவு அட்டைகளுக்கும் வாங்கியவர்கள் உண்டு. அவர்களையும் ஒரே வலையில் இழுத்தது அநியாயம். 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கருவியை வெறுமனே வைத்திருந்ததற்காகத் தனியார் நிறுவனம் வழக்குப் போட முடியாது என்று சொன்னது.

[திரையில்: யூஎஸ்பி கார்டு ரீடரும் ஒரு பழைய கார்டும்]

இப்போது நீங்கள் செய்து பார்க்க ஒன்று. ரீசெட் ஆனதும் ஒவ்வொரு கார்டும் தன்னைத் தானே அறிமுகப்படுத்தும். இதற்கு ஏடிஆர் என்று பெயர், அதிகபட்சம் 33 பைட். இதைப் படிப்பதால் எதுவும் திறக்காது, எதுவும் உடையாது.

யூஎஸ்பி ஸ்மார்ட் கார்டு ரீடர் ஒன்று வாங்குங்கள். லினக்ஸில் பிசிஎஸ்சி சேவையையும் பிசிஎஸ்சி-டூல்ஸ் தொகுப்பையும் நிறுவி, pcsc_scan கட்டளையை ஓட்டுங்கள். கார்டைச் செருகியதும் பைட்டுகள் திரையில் வரும். ஹெச்யூ கார்டு என்றால் இப்படி: 3எஃப் 78 12 25 01 40 பி0 03 4ஏ 50 20 48 55. முதல் பைட் 3எஃப் என்றால் இந்தக் கார்டு பிட்டுகளைத் தலைகீழாக அனுப்பும் வகை. 3பி என்றால் நேர் வகை. 78-ல் உள்ள 8, கடைசியில் எட்டு அடையாள பைட்டுகள் வரும் என்கிறது. 12 வேகம்: 372-க்குப் பதில் 186 துடிப்புக்கு ஒரு பிட். 25 என்பது எழுதும் மின்னழுத்தம் 5 வோல்ட் என்ற பழைய குறிப்பு. கடைசி இரண்டான 48, 55 ஆகியவற்றை எழுத்தாக மாற்றினால் 'ஹெச்', 'யூ'.

ஒன்றும் வரவில்லையா? முதலில் தகட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அழிப்பான் ரப்பரால் தேய்க்காதீர்கள், மெல்லிய முலாம் போய்விடும். பிறகு கார்டின் திசையைப் பாருங்கள். அதன் பின் மின்னழுத்தம்: பழைய டிவி கார்டுகள் 5 வோல்ட் கேட்பவை, குறைந்த மின்னழுத்தத்தில் நின்றுவிடும் ரீடரில் அவை வாய் திறக்காது.

சீரியல் போர்ட்டில் தாங்களே சர்க்யூட் கட்டிப் படிப்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. 3எஃப் வரவேண்டிய இடத்தில் 03 வருகிறது என்றால் கார்டு கெடவில்லை. தலைகீழ் வகைக் கார்டை நேர் வகையாகப் படிக்கிறீர்கள். பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பாரிட்டி பிட்டை ஒற்றைக்கு மாற்றி, வரும் ஒவ்வொரு பைட்டிலும் எட்டு பிட்டுகளின் மதிப்பையும் புரட்டி, வரிசையையும் திருப்பிப் போடுங்கள். 03 அப்போது 3எஃப் ஆகிவிடும்.