விருந்து நிற்கவில்லை

(திரைப்படச் சங்கம் ஒன்றில் 'ஃபெஸ்டன்' என்கிற டேனிஷ் படத்தின் திரையிடலுக்குப் பிறகு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

இந்தப் படம் முடிந்த கையோடு மைக்கைப் பிடிப்பது சங்கடமான வேலை. படம் முழுக்க யாராவது ஒருவர் எழுந்து நின்று பேசிக்கொண்டே இருக்கிறார். பேசுகிற ஒவ்வொருவர் மேலும் நமக்குச் சந்தேகம் வருகிறது. என் மேலும் வரட்டும், தப்பில்லை.

தாமதமாக வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹெல்கே என்கிற பெரிய மனிதருக்கு அறுபதாவது பிறந்தநாள். டென்மார்க் நாட்டுப்புறத்தில் அவர் குடும்பத்துக்குச் சொந்தமான பெரிய ஹோட்டலில் உற்றார் உறவினர் கூடுகிறார்கள். மூத்த மகன் கிறிஸ்டியான் பாரிஸிலிருந்து வருகிறான். அவனுடைய இரட்டைச் சகோதரி லிண்டா கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் அதே ஹோட்டலில் தற்கொலை செய்துகொண்டிருக்கிறாள். மகள் ஹெலேன. இளையவன் மிக்கேல், முன்கோபி. அண்ணனுக்குக் காரில் இடம் வேண்டும் என்று பெண்டாட்டி பிள்ளைகளை நடுவழியில் இறக்கி நடக்கவிடுகிற ஆள். கறுப்பு ஷூவை எடுத்துவைக்க மறந்துவிட்டாள் என்று மனைவியிடம் அவன் போடுகிற கூச்சலுக்கு நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

விருந்தில் கிறிஸ்டியான் கண்ணாடிக் கோப்பையைத் தட்டிவிட்டு எழுகிறான். கையில் இரண்டு உரைகள், ஒன்று பச்சைத் தாளில், ஒன்று மஞ்சளில். எது வேண்டும் என்று அப்பாவையே கேட்கிறான். அவர் பச்சை என்கிறார். 'அப்பா குளிக்கப் போகும்போது' என்பதுதான் அதற்குத் தலைப்பு. சின்ன வயதுக் குறும்புகளில் ஆரம்பித்து, மாறாத அதே குரலில், அப்பா தன்னையும் லிண்டாவையும் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைப் பூட்டி, திரையை இறக்கிவிட்டுச் செய்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிடுகிறான். கடைசியில் பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லிவிட்டு உட்காருகிறான். கண்ணீர் இல்லை, கத்தல் இல்லை. வாழ்த்துரையின் இலக்கணம் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

இதற்கு அப்புறம் என்ன நடக்க வேண்டும்? நாற்காலிகள் உருள வேண்டும், யாராவது காவல்துறையைக் கூப்பிட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பதார்த்தம் வருகிறது. அப்பா குற்றவாளியா இல்லையா என்பதில் படத்துக்குப் பெரிய அக்கறை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதைக் கேட்டவர்கள் எப்படித் தொடர்ந்து சாப்பிட முடிந்தது என்பதுதான் அதன் கேள்வி. அந்த நாட்டு விருந்துகளில் டோஸ்ட்மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். யார் எப்போது பேசுவது, எப்போது பாடுவது என்று விருந்தை நடத்திக்கொடுப்பது அவர் பொறுப்பு. இதில் அந்த வேலைக்கு ஒரு ஜெர்மானியர் வந்திருக்கிறார். குடும்பமே எரிகிறது, அவருக்கு நிகழ்ச்சிநிரல் குலையக்கூடாது. நான் அதிகம் சிரித்தது அவரைப் பார்த்துத்தான், பயந்ததும் அவரைப் பார்த்துத்தான்.

கிறிஸ்டியானே ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகிறான். சமையலறையில் இருக்கிற கிம், சின்ன வயதுச் சினேகிதன், அவனை மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறான். அதோடு பணிப்பெண்களை விட்டு விருந்தாளிகளின் கார் சாவிகளையும் எடுத்து ஒளித்துவைக்கச் சொல்கிறான். யாரும் கிளம்ப முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் போனதெல்லாம் சமையற்கட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா எல்சே எழுந்து பேசுகிற காட்சியைக் கவனித்திருப்பீர்கள். சின்ன வயதில் கிறிஸ்டியானுக்குக் கற்பனை அதிகம், கண்ணுக்குத் தெரியாத நண்பன் ஒருவன் இருந்தான் என்று செல்லமாகச் சொல்லி, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஒருநாள் கண்ணாலேயே பார்த்தவள் என்று அவன் பதில் சொல்கிறான். அதற்குக் கிடைத்த பரிசு, தம்பியும் மற்றவர்களும் அவனை இழுத்துப்போய்க் காட்டில் மரத்தில் கட்டுகிறார்கள். ஹெலேனயின் காதலன் கறுப்பின இளைஞன். அவன் முகத்துக்கு நேராகவே மிக்கேல் ஒரு இனவெறிப் பாட்டை எடுத்துவிட, மேசை மொத்தமும் சேர்ந்து பாடுகிறது. எல்லோருக்கும் வரி மனப்பாடம். உண்மையைக் கேட்டு வாயடைத்த கூட்டத்துக்கு இந்தப் பாட்டுக்கு மட்டும் குரல் வந்துவிடுகிறது.

இப்போது எடுத்த விதம். 1995-இல் டேனிஷ் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியரும் இந்தப் படத்தை இயக்கிய தாமஸ் வின்டர்பெர்க்கும் சேர்ந்து, படம் எடுப்பதற்கு 'டாக்மே 95' என்று பத்து விதிகள் எழுதினார்கள். கேமரா கையில்தான் இருக்க வேண்டும், தனி விளக்கு கூடாது, பின்னணி இசை சேர்க்கக் கூடாது, அரங்கப் பொருளை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, இயக்குநர் பெயர்கூடப் போடக் கூடாது. அந்த வரிசையில் முதல் படம் இது. ஒரு ஜன்னலைத் துணி போட்டு மூடிய பாவத்தை வின்டர்பெர்க் பிற்பாடு பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். கேலிக்கூத்து மாதிரி தோன்றலாம். ஆனால் பச்சைத் தாள் உரைக்குப் பின் வருகிற அமைதியில் வயலின் இழைந்திருந்தால் நாம் தப்பித்திருப்போம். இங்கே தப்பிக்க வழியில்லை, கரண்டிச் சத்தம்தான். ஒளிப்பதிவாளர் அந்தோணி டாட் மேண்டில் சின்ன வீடியோ கேமராவில் எடுத்திருக்கிறார். குடும்ப விசேஷத்தை மாமா ஒருவர் படம்பிடித்தது போலவே இருக்கும். இதே மனிதர்தான் மும்பையில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்தவர். 2009-இல் நம் ரஹ்மான் ஆஸ்கர் வாங்கிய அதே இரவில் அவரும் வாங்கினார்.

குறையும் உண்டு. லிண்டா சாவதற்கு முன் எழுதிவைத்த கடிதம் கிடைக்கிற விதம் கொஞ்சம் நாடகத்தனம். கனவில் அவள் வருகிற காட்சி இல்லாமலே படம் நிற்கும். ஆனால் ஹெலேன அந்தக் கடிதத்தை மேசையில் வாசித்த பிறகு, ஏன் இப்படிச் செய்தாய் என்று மகன் கேட்க, உங்களுக்கு அதற்கு மேல் லாயக்கில்லை என்கிற மாதிரி அப்பா ஒரு பதில் சொல்கிறாரே, அந்த ஒரு வரிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். அதற்குப் பிறகும் நடனம் நடக்கிறது!

கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம் இது. லண்டனில் நாடகமாகி, 2025-இல் ஆபராவாகவும் ஆகிவிட்டது. ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இந்தக் கதை, டேனிஷ் வானொலியில் ஒருவர் தன் வாழ்க்கை என்று சொன்னதிலிருந்து பிறந்தது. பல வருடங்கள் கழித்து அந்த ஆள் தான் சொன்னது கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொன்னவனை ஒருவரும் நம்பாத படம், எல்லோரும் நம்பிய ஒரு பொய்யிலிருந்து வந்திருக்கிறது.

அதே வின்டர்பெர்க் 2012-இல், செய்யாத குற்றத்துக்கு ஊரே சேர்ந்து வேட்டையாடுகிற ஒரு ஆசிரியரின் கதையை எடுத்தார். 'யாக்டன்' என்று பெயர். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் அது. அடுத்த கூட்டத்தில் அதைத் திரையிடச் சொல்லி நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.