நிப்போமோ முகாமில் எடுத்த படம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

திருகோணமலையில் நீண்ட காலம் ஸ்டூடியோ நடத்தியவன் என்பதால் புகைப்படம் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஒரேயொரு படத்தின் கதையைச் சொல்கிறேன். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். நெற்றி சுருங்கிய ஒரு பெண், விரல்கள் தாடையோரத்தில், பார்வை எங்கோ தூரத்தில். இரண்டு தோள்களிலும் இரண்டு பிள்ளைகள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கிறார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்றுதான் உலகம் அந்தப் படத்தை அழைக்கிறது.

1936ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். வேலை தேடிக் குடும்பம் குடும்பமாக மக்கள் கலிபோர்னியாவின் தோட்டங்களுக்கு அலைந்த காலம். அந்த மக்களின் நிலையைப் படமெடுக்க, மீள்குடியேற்றத்துக்கான அரச நிருவாகம் ஒன்று சம்பளத்துக்குப் படப்பிடிப்பாளர்களை வைத்திருந்தது. அவர்களில் ஒருவர் டொரோத்தியா லாங். ஏழு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் பாதிக்கப்பட்டவர். சான் பிரான்சிஸ்கோவில் வசதியானவர்களை அழகாகப் படமெடுத்துக் கொடுத்த ஸ்டூடியோக்காரி. ஸ்டூடியோவை விட்டுத் தெருவுக்கு இறங்கியவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

ஒரு மாத வேலை முடிந்து, மழையில் காரை ஓட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிப்பவர்களின் முகாம் என்று எழுதிய ஒரு பலகை கண்ணில் பட்டது. நிற்கவில்லை. ஏறக்குறைய 20 மைல் போன பிறகும் மனம் கேட்காமல் காரைத் திருப்பினார். முகாமில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். உறைபனியில் பட்டாணிப் பயிர் அழிந்துபோனது, பறிக்க ஒன்றுமில்லை, கூலியும் இல்லை. கிழிந்த கூடாரம் ஒன்றின் வாசலில் அந்தப் பெண் பிள்ளைகளோடு இருந்தாள்.

அங்கே அவர் எடுத்த படங்கள் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. தொழில்காரன் கண்ணோடு பார்த்தால் அதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. முதல் படத்தில் கூடாரம் முழுவதும் தெரிகிறது, பதின்ம வயது மகளும் இருக்கிறாள். அப்புறம் கமரா கிட்டக் கிட்ட வருகிறது. கூடாரம் மறைகிறது, மூத்த மகள் மறைகிறாள், சாமான்கள் மறைகின்றன. கடைசியில் பிள்ளைகளின் முகங்களும் இல்லை. இரண்டு பிள்ளைகளும் கமராவைப் பார்த்திருந்தால் நம் கண் மூன்று முகங்களுக்கும் நடுவில் அலையும். அவர்கள் திரும்பியதால் தாயின் முகம் மட்டும் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. படத்தின் வலது கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. பிற்பாடு லாங் அதை நெகட்டிவிலேயே மறைக்கச் செய்தார். அரசாங்க ஆவணத்தில் கை வைக்கலாமா என்று அவருடைய மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து ரீடச் செய்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு அந்த ஆசை நன்றாகப் புரியும்.

படங்கள் சில நாட்களில் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ பத்திரிகையில் வந்தன. அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவை அந்த முகாமுக்கு அனுப்பியது. ஒரு படம் பசித்த வயிறுகளுக்குச் சோறு கொண்டுவந்தது. இதைவிட ஒரு படத்துக்கு வேறென்ன பெருமை வேண்டும்? ஆனால் உணவு வந்தபோது அந்தத் தாயும் பிள்ளைகளும் அங்கே இல்லை. வேலை தேடி அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

சரி, அந்தத் தாய் யார்? லாங் பெயரைக் கேட்கவில்லை. வயதை மட்டும் எழுதினார், 32 என்று. 1960இல் அந்த நாளை நினைவுகூர்ந்து எழுதியபோது, பெயரையோ வரலாற்றையோ தான் கேட்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்காகக் கார் ரயர்களைக்கூட விற்றிருந்தாள் என்றும் அதே கட்டுரையில் எழுதினார். பெயர் தெரியாத ஒருத்தியைப் பற்றி எழுதினால், உண்மையா என்று யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கதை அப்படியே நின்றுவிட்டது.

1978இல்தான் ஒரு பத்திரிகை நிருபர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் இருந்தார். பெயர் புளோரன்ஸ் தொம்சன். படத்தைப் பார்த்தவர்கள் அவரைப் 1930களில் வறட்சியோடு வந்து வயல்களை அழித்த புழுதிப்புயலுக்குத் தப்பி வந்த வெள்ளைக்கார விவசாயி என்றே எண்ணியிருந்தார்கள். அவரோ ஒக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனப் பெண், பூர்வகுடி. புழுதிப்புயல்களுக்கு முன்பே, 1920களிலேயே, முதன்முதலில் கலிபோர்னியா வந்தவர். முதல் கணவர் 1931இல் காசநோயில் இறந்தார். பிள்ளைகளை வளர்க்கப் பருத்தி எடுத்தார், கிடைத்த வேலை எல்லாம் செய்தார். அன்று நிப்போமோவில் இருந்ததே கார் பழுதானதால்தான். துணைவரும் மகன்மாரும் அதைத் திருத்தும் வேலையாக நகரத்துக்குப் போயிருந்தார்கள். ரயர் விற்ற கதை தங்களுடையதல்ல என்று குடும்பத்தார் உறுதியாகச் சொன்னார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் இருந்தது. படத்தை விற்கமாட்டேன், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று படமெடுத்தவர் சொன்னார், அனுப்பவே இல்லை, அந்தப் படத்தால் எனக்கு ஒரு சதமும் வரவில்லை என்றார். லாங்குக்கும் அதனால் தனியாகப் பணம் வரவில்லை, படம் அரசுக்குச் சொந்தம். அதற்காகப் புளோரன்ஸின் கோபத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. உலகத்தின் சுவர்களில் எல்லாம் தொங்கிய தன் முகத்தின் ஒரு பிரதியைத்தான் அவர் எதிர்பார்த்தார். பிள்ளைகளோ பல வருடம் அந்தப் படத்தை நினைத்து வெட்கப்பட்டார்கள்.

1983இல் அவர் பாரிசவாதத்திலும் புற்றுநோயிலும் விழுந்தபோது, செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். 30,000 டொலருக்கு மேல் சேர்ந்தது. கூடவே ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களை வாசித்த பிறகுதான் அம்மாவின் படம் தங்களுக்குப் பெருமையாகத் தெரிந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அந்தச் செப்டெம்பரிலேயே புளோரன்ஸ் காலமானார்.

2004 கடல்கோளுக்குப் பிறகு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களை இந்த இடத்தில் நினைக்கிறேன். வீட்டோடு அல்பமும் போய்விட்டது, எங்கள் கலியாணப் படத்தின் நெகட்டிவ் இருக்கா என்று கேட்டு நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்தார்கள். இறந்த பிள்ளையின் முகம் பாடசாலை வகுப்புப் படத்தில் இருக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு பிரதியின் பெறுமதியை நான் அவர்களிடம்தான் கற்றேன்.

அதே நாட்களில் எத்தனையோ கமராக்கள் எங்கள் கரைக்கு வந்தன. 2006இல் மூதூர், சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோதும் வந்தன. அந்தப் படங்களை இப்போது பார்க்கிறேன். ‘முகாமில் ஒரு தாய்’, ‘அழும் முதியவர்’, அவ்வளவுதான் கீழே எழுதியிருக்கிறது. அந்தத் தாய்க்கு ஊர் உண்டு, தெரு உண்டு, அவளை அக்கா என்றும் மாமி என்றும் கூப்பிட்டவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆளைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பெயர்களைச் சேர்த்துவிட வேண்டும். நாற்பது வருடம் பொறுத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது.

உங்கள் வீட்டில் அப்படிப் படங்கள் இருந்தால் இந்த வாரமே எடுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் இருத்தி, யார் யார் என்று கேளுங்கள். பெயர், ஊர், வருடம் மூன்றையும் பின்பக்கத்தில் முனை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். அழுத்தியும் எழுத வேண்டாம், தடம் முன்னால் விழும். கைபேசியில் இருக்கும் படமென்றால் பிரிண்ட் போட்டுவிட்டு எழுதுங்கள். படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.