திரையில் இல்லாததைக் கேட்க வைத்தவர்கள்: வில்லியம்ஸ், ஹெர்மன், மோரிகோனே

[திரையில்: கடல். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.]

1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் சுறாவை ஒழுங்காகக் கண்ணால் பார்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதுவரை நாம் பார்ப்பது தண்ணீர், நீந்துகிற கால்கள், அவ்வளவுதான். ஆனாலும் சுறா கிட்டே வந்துவிட்டது என்பது ஒவ்வொரு முறையும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியப்படுத்துபவர் ஜான் வில்லியம்ஸ்.

எனக்கு மிகவும் பிடித்த மூன்று பின்னணி இசையமைப்பாளர்களைப் பற்றிய வீடியோ இது. பாடல்கள் பக்கம் போகப் போவதில்லை. நம் ஊரில் ரீரெக்கார்டிங் என்று சொல்கிறோமே, அந்த வேலையை மட்டும் பார்க்கப் போகிறோம். சோகமான காட்சிக்குச் சோகமான வயலின் வாசிப்பது யாருக்கும் வரும். கேமராவால் காட்ட முடியாத ஒன்று அந்தக் காட்சிக்குள் இருக்கும். அதைக் கண்டுபிடித்து இசையாக்குகிறவரைத்தான் நான் பெரிய இசையமைப்பாளர் என்பேன்.

சரி, சுறாவுக்கு வருவோம்.

[ஒலி: தாழ்ந்த ஸ்தாயியில் இரண்டு சுரங்கள், மெதுவாக, திரும்பத் திரும்ப.]

படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் இறக்கியதும் அடிக்கடி பழுதாகி நின்றது. அதனால் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலேயே பல காட்சிகளை எடுக்க வேண்டியிருந்தது. வில்லியம்ஸ் பியானோவில் இந்த இரண்டு சுரங்களை வாசித்துக் காட்டியபோது, விளையாடுகிறார் என்று நினைத்து ஸ்பீல்பெர்க் சிரித்தாராம். அடுத்தடுத்த இரண்டு சுரம்தான். சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி. பாட்டு வகுப்பில் சரளி வரிசை தொடங்கும்போது முதலில் பாடுகிற அதே ‘ச ரி’. அதைத் தாழ்ந்த தந்திகளில் மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுகிறார். வேகம் கூடினால் சுறா நெருங்குகிறது என்று அர்த்தம். மேலே டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம், அது சாதாரணமாக வாசிக்காத உயரத்தில் ஒரு மெட்டை வாசிக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது இசை வராத இடங்கள். ஒரு காட்சியில் கடற்கரையில் சுறாத் துடுப்பு ஒன்று தெரிந்ததும் கூட்டம் அலறி ஓடுகிறது. அப்போது இசையே கிடையாது. பார்த்தால், இரண்டு சிறுவர்கள் அட்டையில் துடுப்பு செய்து விளையாடியிருக்கிறார்கள். இசை நம்மிடம் பொய் சொல்லவில்லை. இப்படி நம்மைப் பழக்கிவிட்டு, அப்புறம் ஒரு இடத்தில் அந்த விதியை உடைக்கிறார்கள். போலீஸ் அதிகாரி பிராடி படகின் பின்பக்கம் நின்று சுறாவுக்கு இரை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். எந்த இசையும் இல்லை. அதனால் நாம் தைரியமாக இருக்கிறோம். சுறா அவர் முதுகுக்குப் பின்னால் தலையைத் தூக்குகிறது. அந்தப் படத்துக்காக வில்லியம்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அடுத்தவருக்குப் போவதற்கு முன், இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சுருக்கமாக. எடிட்டிங் முடிந்ததும் இயக்குநரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து படத்தைப் பார்த்து, இசை எந்த நொடியில் தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார்கள். ஹாலிவுட்டில் இதை ஸ்பாட்டிங் என்பார்கள். சில இயக்குநர்கள் எடிட்டிங்கின்போதே வேறு ஏதோ இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதிலேயே மனம் தங்கிவிடுவதும் உண்டு. 1968-இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பயன்படுத்தவே இல்லை. தற்காலிகமாகப் போட்டிருந்த கிளாசிக்கல் இசையையே வைத்துக்கொண்டார். படத்தைப் பார்க்கப் போனபோதுதான் நார்த்துக்கு அது தெரிந்தது. படம் மகத்தானது, ஆனாலும் இந்த விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது.

[திரையில்: கருப்பு வெள்ளை. இரவு, மழை, கார் ஓட்டும் ஒரு பெண்ணின் முகம்.]

பெர்னார்ட் ஹெர்மன். மூவரில் எனக்கு முதலிடம் இவருக்குத்தான். 1911-இல் நியூயார்க்கில் பிறந்தவர். முதல் படமே 1941-இல் வந்த ‘சிட்டிசன் கேன்’. ஆனால் நாம் பேச வேண்டியது 1960-இல் வந்த ‘சைக்கோ’.

இப்போது திரையில் பார்க்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேரியன் என்ற பெண் அலுவலகத்தில் இருந்து 40,000 டாலரை எடுத்துக்கொண்டு காரில் ஓடுகிறாள். இங்கே நடப்பது என்ன? ஸ்டீயரிங், முகம், எதிரே வரும் விளக்குகள், அவள் மனதில் கற்பனையாக ஓடும் சில குரல்கள். இசையை எடுத்துவிட்டால், களைத்துப்போய் வீட்டுக்குக் கார் ஓட்டும் யாரோ ஒரு பெண் என்றும் நினைக்கலாம். ஹெர்மன் இங்கே டைட்டிலில் வந்த அதே படபடக்கும் இசையைத் திரும்பக் கொண்டுவருகிறார். அந்தக் கணத்தில் அவள் எதை நோக்கியோ போய்க்கொண்டிருக்கிறாள் என்ற பயம் நமக்குப் பிடித்துக்கொள்கிறது. அவளுக்கே தெரியாத விஷயம் நமக்குத் தெரிகிறது.

அந்த டைட்டில் இசையின் மையத்தில் ஒரு கார்டு (chord), அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு, இருக்கிறது. மைனர் கார்டின் மேல் மேஜர் ஏழாம் சுரத்தை வைத்தது. நம் முறையில் சொன்னால் சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். நான்கும் கீரவாணி ராகத்தில் இருப்பவைதான். கீரவாணியில் அந்த நிஷாதம் சட்ஜத்துக்குப் போய் இளைப்பாறும். ஹெர்மன் அதைப் போகவிடாமல் நான்கையும் ஒரே சமயத்தில் ஒலிக்க வைக்கிறார். அடுத்த அடி எடுத்து வைக்க இடமே இல்லாத மாதிரி ஒரு தவிப்பு. கீபோர்டு இருந்தால் இந்த நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், உடனே புரியும்.

அடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. படம் முழுக்க வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் மட்டும். திகில் படத்துக்கு வழக்கமாக வைக்கும் டிரம்ஸ், டிரம்பெட் எதுவும் இல்லை. செலவு குறைவாக எடுத்த படம் என்பதும் ஒரு காரணம். ஆனால் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கருப்பு வெள்ளை ஒலி வேண்டும் என்று நினைத்ததாக ஹெர்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தி வாத்தியங்களிலும் மியூட் மாட்ட வைத்தார். தந்திகளைத் தாங்குகிற குதிரையில் செருகுகிற சின்னத் துண்டுதான் மியூட். அது ஒலியை அடைத்து, வறண்டதாக ஆக்கிவிடும். அந்த மியூட்டை அவர் கழற்றச் சொன்னது ஒரே ஒரு காட்சிக்கு. குளியலறைக் கொலை.

அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பதுதான் இயக்குநர் ஹிட்ச்காக்கின் முதல் உத்தரவு. ஹெர்மன் கேட்காமல் எழுதி, பதிவும் செய்து, இசை இல்லாமலும் இசையோடும் போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார்.

[ஒலி: வயலின்களின் அலறல், நான்கு நொடி மட்டும்.]

வயலின்கள் உச்ச ஸ்தாயியில் தொடங்க, ஒவ்வொரு குழுவாகக் கீழே வந்து சேர்ந்துகொள்கிறது. மெட்டு என்று எதுவும் இல்லை, வெறும் வெட்டுதான். இதை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின் வருவதைத்தான் கவனிக்கச் சொல்வேன். கொலைகாரன் போனதும் மேரியன் சுவரில் சரிகிறாள். செல்லோவும் பேஸும் கனமாக, நின்று நின்று இறங்குகின்றன. ஓர் இதயத் துடிப்பு தளர்வதைக் கேமரா காட்ட முடியாது. செல்லோ காட்டுகிறது. அப்புறம் இசை நின்றுவிடுகிறது. ஷவர் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு கொடுத்த கூட்டணி 1966-இல் உடைந்தது. ‘டார்ன் கர்ட்டன்’ படத்துக்கு ஸ்டூடியோ அந்தக் காலத்துப் பாப் வாடையில் இசை கேட்டது. ஹெர்மன் 12 புல்லாங்குழல், 16 ஹார்ன், 9 டிராம்போன் என்று கூட்டிக்கொண்டு வந்து, வயலினையே விட்டுவிட்டு, இரும்பு போன்ற ஓர் இசையைப் பதிவு செய்யத் தொடங்கினார். ஹிட்ச்காக் ஒலிப்பதிவை நடுவிலேயே நிறுத்தினார். அதன் பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்யவே இல்லை. ஹெர்மன் தன் கடைசிப் படமான ‘டாக்ஸி டிரைவர்’ ஒலிப்பதிவை 1975 டிசம்பர் 23 அன்று முடித்தார். மறுநாள் விடிவதற்குள் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

[திரையில்: பாலைவனம், ரயில் தண்டவாளம், தூசி.]

ரோமில் பிறந்த என்னியோ மோரிகோனே வேலையின் வரிசையையே தலைகீழாக மாற்றியவர். அப்பா டிரம்பெட் வாசிப்பவர், இவரும் டிரம்பெட் படித்தவர். இயக்குநர் செர்ஜியோ லியோனேவும் இவரும் சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பது, படத்துக்காகச் சந்தித்தபோதுதான் தெரிந்தது.

1968-இல் வந்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்துக்கு முக்கியமான மெட்டுகளை ஷூட்டிங்குக்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள். லியோனே அவற்றைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு, நடிகர்களையும் கேமராவையும் அதற்கேற்ப நகர வைத்தார். நடிகை கிளாடியா கார்டினாலே ரயிலை விட்டு இறங்கி, தன்னை அழைத்துப் போக யாரும் வரவில்லை என்று புரிந்து, ஸ்டேஷனுக்குள் போகிற காட்சியைப் பாருங்கள். பாடகி எட்டா டெல்லோர்ஸோவின் குரல் சொற்களே இல்லாமல் மேலே எழுகிறது. கேமராவும் அதோடு சேர்ந்து கூரைக்கு மேல் ஏறுகிறது. அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு முழு ஊர் தெரிகிறது. படம் இசையைப் பின்தொடர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தின் கதாநாயகனுக்குப் பெயர் கிடையாது. அதிகம் பேசவும் மாட்டான். மவுத் ஆர்கன் வாசிப்பான். அதுவும் அபஸ்வரம் போல, மூச்சுத் திணறுவது போல. ஏன் இப்படி வாசிக்கிறான் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நமக்குத் தெரியாது. கடைசிச் சண்டையில், பழைய நினைவு ஒன்று முழுதாக வரும்போது தெரிகிறது. சிறுவனாக இருந்தபோது, கழுத்தில் தூக்குக் கயிறு மாட்டிய அண்ணனைத் தோளில் சுமந்து நின்றவன் அவன். வில்லன் அவன் வாயில் அந்த மவுத் ஆர்கனைத் திணித்திருக்கிறான். நாம் இத்தனை நேரம் கேட்டது மெட்டே இல்லை, அந்தச் சிறுவன் மூச்சு வாங்கியது. இந்த இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இவருக்கு 2007-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். போட்டிப் பிரிவில் ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்துக்குக் கிடைத்தபோது 2016 ஆகிவிட்டது, வயது 87. அவ்வளவு தாமதம் எனக்கு இன்றும் புரியவில்லை.

புதிதாகக் கேட்க வருபவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்? ‘சைக்கோ’ கார் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், அப்புறம் ஒலியோடு பாருங்கள். ‘ஜாஸ்’ படத்தில் இசை இல்லாத இடங்களைக் குறித்துக்கொண்டே பாருங்கள். மோரிகோனேவுக்கு நேராக ஆல்பத்துக்குப் போகாதீர்கள். படம் பார்க்காமல் கேட்டால் அந்த மவுத் ஆர்கன் வெறும் மவுத் ஆர்கன்தான். ஹிட்ச்காக் நிராகரித்த ‘டார்ன் கர்ட்டன்’ இசையை இன்னொரு இசையமைப்பாளரான எல்மர் பெர்ன்ஸ்டீன் 1970-களில் பதிவு செய்து வெளியிட்டார். அதைக் கேட்கும்போது மட்டும் போன் ஸ்பீக்கர் வேண்டாம், நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 16 ஹார்ன்களின் அடித்தளம் சின்ன ஸ்பீக்கரில் வராது.