கொரிய நண்பர் வேலை இழந்தால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல வேண்டும்?

வணக்கம் மக்களே! இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கில வினைதான்: லே ஆஃப், அதாவது தப்பு எதுவும் செய்யாதவரைக் கம்பெனி ஆள்குறைப்பில் வேலையை விட்டு அனுப்புவது.

சியோலில் நான் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களில் வேலை தேடுகிறவர்கள் அதிகம். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பலரும் 'ஐ வாஸ் ஃபயர்ட்' என்கிறார்கள். கேட்கவே மனசு பதறும். ஃபயர்ட் என்றதும் இவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். கொரியப் பேச்சில் 'ஜல்லிடா', அதாவது வெட்டுப்படுவது, இரண்டுக்கும் பொது. தப்பு செய்து போனாலும் அதுதான், கம்பெனி ஆளைக் குறைத்தாலும் அதுதான்.

அதனால் நான் 'ஜொங்னி ஹேகோ'விலிருந்து ஆரம்பிப்பேன். ஆள்குறைப்புக்கு அங்கே பொதுவாகப் புழங்கும் பெயர் இது. 1997 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்திடம் (ஐஎம்எஃப்) கொரியா கடன் வாங்கிய நெருக்கடி, 1998 பிப்ரவரியில் ஆள்குறைப்புக்கு வழிவிட்ட சட்டத்திருத்தம், அப்புறம் எத்தனையோ அப்பாக்களுக்கு வேலை போனது. அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறிவிடும். தொழிலாளர் தர நிலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, நிர்வாகத்துக்கு அவசர நெருக்கடி இருக்க வேண்டும், தொழிலாளர் பிரதிநிதிக்கு 50 நாள் முன்னால் சொல்ல வேண்டும். இதுதான் லே ஆஃப் என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் 'குவொன்கோ சாஜிக்'கில்தான். கம்பெனியே ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லும். கையெழுத்து போட்டவர் கூச்சத்தில் 'ஐ க்விட்', அதாவது நானே விட்டுவிட்டேன், என்பார். வேண்டாம்! காரணம் ஆள்குறைப்பு என்றால் தாராளமாக லெய்ட் ஆஃப் என்று சொல்லலாம். தானாக வேலையை விட்டவருக்குப் பொதுவாகக் கிடைக்காத வேலையிழப்பு உதவித்தொகையை இவர்களுக்குக் கொரிய அரசே கொடுக்கிறதே.

சரி, இலக்கணம். லே ஆஃபின் இறந்தகால வடிவம் லெய்ட் ஆஃப். வேலை போனவர் 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்' என்று சொல்ல வேண்டும், 'வாஸ்' விட்டுப்போகக் கூடாது. 'ஐ லெய்ட் ஆஃப் டென் பீப்பிள்' என்றால் பத்துப் பேரை நீங்களே அனுப்பிவிட்டீர்கள்! 'ஹிம்' மாதிரி சொல் வந்தால் நடுவில் வரும்: தே லெய்ட் ஹிம் ஆஃப்.

உச்சரிப்புக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கொரிய மொழியில் ல, ர இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஃப ஒலி கிடையாது. அதனால் முதலில் 'ரெய்ட் ஒப்' என்றுதான் வரும். நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து 'லெய்', கீழுதட்டை மேல்பல் தொட 'ஃப்' என்று தனித்தனியாகச் சொல்ல வையுங்கள். பிறகு முழு வாக்கியம்: 'மை ஹோல் டீம் வாஸ் லெய்ட் ஆஃப்.' நிறுத்தி, அடுத்து என்ன வேலை செய்ய ஆசை என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். நேர்காணலில் அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும்.