அண்ணன் வேற, பேர சொன்னவங்க வேற

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழைல பட்டர்வொர்த்துல இருந்து பாலம் தாண்டிலாம் வந்திருக்கீங்க, அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

வேலை கத்துக்கொடுத்தவர நம்ம ஆளுங்க குருவா வச்சிடுவோம், அப்புறம் எல்லாத்தையும் அவர்கிட்டயே எதிர்பார்ப்போம், தொழிலும் அவரே சொல்லித் தரணும், புரமோஷனும் அவரே வாங்கித் தரணும், மனக்கஷ்டத்தையும் அவரே கேக்கணும், ஒரு மனுஷன் எத்தனையத்தான் சுமப்பாரு?

நான் இங்க பினாங்குல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில டெக்னீஷியனா சேந்தப்ப நைட் ஷிஃப்ட்ல ஒரு அண்ணன் இருந்தாரு. சிப்புல மெல்லிசான கம்பி ஒட்டற வயர் பாண்டிங் மெஷின்ல கம்பி ஒட்டலன்னா நான் உடனே செட்டிங்க மாத்தப் போவேன், கையத் தட்டிவிட்டு "மொதல்ல கேப்பிலரி தேஞ்சிருக்கான்னு பாருடா"ம்பாரு, கேப்பிலரின்னா அந்தக் கம்பி வெளிய வர்ற சின்ன முனை. தொழில் அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான். ஆனா இன்ஜினியர் லிஸ்ட்ல என் பேர் வந்தது அவரால இல்ல, அந்த லிஸ்ட் போடற மீட்டிங்லயே அவருக்கு எடம் கெடையாது. என்கிட்ட பத்து வார்த்தை கூட பேசாத ஒரு சீன மேனேஜரம்மா, நான் இல்லாத எடத்துல என் பேர சொன்னாங்க. இப்படிப்பட்டவங்களத்தான் ஸ்பான்சர்னு சொல்றாங்க. அப்புறம் என்கூடவே சேந்த நண்பன், ஷிஃப்ட் முடிஞ்சா நாசி கண்டார் கடைல உக்காந்து சம்பளத்துல ஆரம்பிச்சு பயம் வரைக்கும் பேசுவோம், அதெல்லாம் அண்ணன்கிட்ட பேச முடியுமா சொல்லுங்க.

நம்ம மலேசியாவுல வக்கீலுக்குப் படிச்ச பிள்ளைங்களுக்கு சேம்பரிங்னு ஒரு பயிற்சி இருக்கு, சொல்லித் தர்ற மாஸ்டர் வக்கீல் குறைஞ்சது 7 வருஷம் பிராக்டிஸ் பண்ணவரா இருக்கணும், 9 மாசத்துல முடிஞ்சிடும். தானா அமையற உறவுக்கு அப்படி ஒரு தேதி கெடையாது, அங்கதான் வலியே.

கேத்தி கிராம்னு அமெரிக்க ஆய்வாளர் ஒருத்தங்க, ஒரே கம்பெனில வழிகாட்டற சீனியரும் ஜூனியருமா 18 ஜோடிங்கள ஆராஞ்சு 1983ல எழுதினாங்க. ஆரம்பம், 2ல இருந்து 5 வருஷம் வரைக்கும் வளர்ச்சி, அப்புறம் பிரிவு, அதுக்கப்புறம் அந்த உறவே வேற மாதிரி மாறிடும்னு நாலு கட்டம். பிரிவும் அதுல ஒரு கட்டம்ங்க! நமக்கு அது துரோகம் மாதிரி தெரியுது.

எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சிச்சு, பயந்துக்கிட்டு ரிசைன் லெட்டர் குடுத்தப்புறம்தான் அண்ணன்கிட்ட சொன்னேன், ஒரு வருஷத்துக்கு மேல பேசல. தப்பு என்னோடது, திட்டினாலும் பரவால்லன்னு மொத ஆளா அவர்கிட்டதான் சொல்லியிருக்கணும்.

போன மாசம் அவரே கால் பண்ணாரு. "மகளுக்கு இன்டர்வியூ இருக்கு தம்பி, ஞாயித்துக்கிழம வந்து கொஞ்சம் கேள்வி கேட்டுப் பாரேன்"னாரு. போனேன். நான் கேக்கக் கேக்க, அண்ணன் பக்கத்துல உக்காந்து ஒவ்வொன்னா நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாரு.