வீடியோ பார்த்து போர்டு கேம் வாங்கப் போறீங்களா? இதைக் கேட்டுட்டுப் போங்க

வணக்கம் மக்களே. வீடியோவுல பார்க்குறப்போ அட்டகாசமா தெரிஞ்ச கேம், வாங்கிப் பிரிச்சு மேசையில வெச்சதும் சப்புன்னு போயிடும். நிறைய பேருக்கு நடக்குற விஷயம் இது. பல சமயம் கேம் மேல தப்பே இருக்காது. ஒரு வகை வீடியோவைப் பார்த்துட்டு வேறொரு கேள்விக்குப் பதில் எடுத்திருப்பாங்க. அவ்வளவுதான்.

முதல்ல எடிட் பண்ண ஷோக்களை எடுத்துக்குவோம். நடிகர் வில் வீட்டன் நடத்துன டேபிள்டாப்ங்கிற போர்டு கேம் ஷோ 2012-ல யூடியூப்ல ஆரம்பிச்சுது. பிரபலங்கள் உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சு ஆடுவாங்க. முதல் எபிசோடுல ஆடினது ஸ்மால் வேர்ல்டுங்கிற கேம். எபிசோடு அரை மணி நேரம் சொச்சம், ஆனா பெட்டியில போட்டிருக்கிற ஆட்ட நேரம் 40-லேர்ந்து 80 நிமிஷம். மீதி நேரத்துல என்ன நடந்திருக்கும்? ஸ்மால் வேர்ல்டுல 14 இனம், 20 சிறப்புச் சக்தி. இனத்தையும் சக்தியையும் ஜோடி சேர்த்து எப்பவும் ஆறு ஜோடி திறந்து கிடக்கும். அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னா ஆறும் என்ன செய்யும்னு தெரிஞ்சிருக்கணும். ஷோவுல அது திரையில எழுத்தா வந்து மூணு செகண்டுல போயிடும். உங்க மேசையில ஒருத்தர் விளக்கத் தாளைக் கையில வெச்சுக்கிட்டு, "இது என்ன பண்ணும்? அது என்ன பண்ணும்?"னு கேட்க கேட்க வாசிக்கணும். ஒவ்வொரு தடவை புது ஜோடி வர்றப்பவும் வாசிக்கணும். எடிட்டர் வெட்டித் தூக்கிப் போட்டது அந்த நேரத்தைத்தான்.

அதனால இந்த மாதிரி ஷோக்களைப் புதுப் பேரு தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. வாங்கலாமா வேண்டாமாங்கிற முடிவை அங்க எடுக்காதீங்க. ஒரு சோதனை சொல்றேன். அடுத்த தடவை பார்க்குறப்போ, எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு கவனிங்க. கேம்ல ஒரு கார்டு புரண்டதால சிரிச்சா அது கேமோட வேலை. ஒருத்தர் அடிச்ச ஜோக்குக்குச் சிரிச்சா, அந்த ஆளு பெட்டிக்குள்ள வரமாட்டாரு.

பேரு பிடிச்சுப்போச்சா? அடுத்து வெட்டாத பிளேத்ரூ, அதாவது ஒரு ஆட்டத்தை முழுசா ஆடிக் காட்டுற வீடியோ ஒண்ணு தேடுங்க. இங்கதான் நிறைய பேரு சறுக்குறாங்க, ஏன்னா ஆட்கள் எண்ணிக்கையைப் பார்க்குறதில்ல. அசுல்ங்கிற கேம் நல்ல உதாரணம். நடுவுல இருக்கிற கலர் டைலை எடுத்து அவங்கவங்க பலகையில அடுக்கணும். மொத்தம் 100 டைல், அஞ்சு கலர், கலருக்கு 20. ரெண்டு பேரு ஆடினா நடுவுல அஞ்சு வட்டத் தட்டு, மூணு பேருக்கு ஏழு, நாலு பேருக்கு ஒன்பது. தட்டுக்கு நாலு டைல். அப்போ ரெண்டு பேருக்கு ஒரு சுத்துல 20 டைல்தான். கடைசியில என்ன மிஞ்சும், எதிராளி தலையில எதைக் கட்டலாம்னு எண்ணிப் பார்த்தே ஆடிடலாம். கிட்டத்தட்ட செஸ் மாதிரி முறுக்கிக்கும். நாலு பேருக்கு 36 டைல், உங்களுக்கு அடுத்த முறை வர்றதுக்குள்ள மூணு பேரு கை வெச்சிருப்பாங்க, கணக்கெல்லாம் கலைஞ்சிடும். டைல் அதேதான், ஆடுற சுகம் வேற. வீட்டுல ரெண்டு பேருதான்னா, ரெண்டு பேரு ஆடுற வீடியோவைத் தேடுங்க. போர்டுகேம்கீக் தளத்துலயும் ஒவ்வொரு கேமுக்கும் எத்தனை பேரு இருந்தா நல்லாருக்கும்னு ஆடினவங்க போட்ட ஓட்டு இருக்கும். பெட்டியில 1 முதல் 5 வரைன்னு போட்டிருந்தாலும் அந்த ஓட்டு வேற கதை சொல்லும்.

ரெண்டு மணி நேர பிளேத்ரூவை முழுசா பார்க்கணும்னு இல்ல. மூணு இடம் போதும். அடுக்கி வைக்கிற பகுதி, நடு ஆட்டத்துல ஒரு முழுச் சுத்து, கடைசிக் கணக்கு. இதுல நடுப்பகுதிதான் முக்கியம். தன் முறை இல்லாதப்போ மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. போர்டையே பார்த்துட்டு இருந்தா நல்லது. கேமராவைப் பார்த்து அரட்டை அடிச்சா, உங்க மேசையில அந்த நேரம் செல்போனுக்குப் போகும்.

நேரக் கணக்கை நீங்களே போடலாம். விங்ஸ்பான்ங்கிற பறவைக் கார்டு கேம்ல நாலு சுத்து. முதல் சுத்துல ஆளுக்கு எட்டு முறை, அப்புறம் ஏழு, ஆறு, அஞ்சு. ஏன் குறையுதுன்னா, முறைக்கு ஒண்ணா பயன்படுத்துற எட்டு க்யூப்ல ஒண்ணை ஒவ்வொரு சுத்து முடிவுலயும் இலக்குப் பலகையில வெச்சிடணும். ஆக ஆளுக்கு 26 முறை. நாலு பேருன்னா 104. புதுசா ஆடுறவங்க முறைக்கு ஒரு நிமிஷம் எடுத்தாங்கன்னா ஒன்றே முக்கால் மணி நேரம், அதுக்கு மேல ரூல்ஸ் சொல்லிக் கொடுக்குற நேரம். பெட்டியில போட்டிருக்கிறது 40-லேர்ந்து 70 நிமிஷம். ரெண்டு பேருன்னா 52 முறை, அப்போ பெட்டிக் கணக்கு சரியா வந்துடும்.

பாண்டெமிக் மாதிரி எல்லாரும் ஒரே அணியா ஆடுற கேம்ல வேற ஒண்ணைக் கவனிக்கணும். யாராவது ஒருத்தரே "நீ அங்க போ, நீ இந்தக் கார்டைக் கொடு"ன்னு மத்த எல்லாருக்கும் ஆடிட்டிருக்காரா? எடிட் பண்ண ஷோவுல அதைக் குறைச்சுடுவாங்க, வெட்டாத வீடியோவுல பளிச்சுன்னு தெரியும். நோயைப் பரப்பி ஆட்டத்தைக் கஷ்டமாக்குற எபிடெமிக் கார்டு எத்தனை போட்டு ஆடுறாங்கன்னும் பாருங்க. அறிமுகத்துக்கு நாலு, வழக்கமா அஞ்சு, கஷ்டமா வேணும்னா ஆறு. நாலு போட்டு ஜெயிச்சதைப் பார்த்துட்டு "இது ஈசி கேம்"னு சொல்லிடாதீங்க.

கேம் தயாரிக்க முன்கூட்டியே மக்கள்கிட்ட காசு திரட்டுற கிரவுட்ஃபண்டிங் சமயத்துல வர்ற ப்ரிவ்யூ வீடியோ தனி ஜாதி. காசு வாங்கிப் பண்ணினதா இருந்தா டிஸ்க்ரிப்ஷன்லயோ வீடியோ ஓரத்துலயோ சொல்லியிருப்பாங்க. காசு வாங்கினா பொய்தான்னு அர்த்தமில்ல, ஆனா அதை ரிவ்யூவா எடுத்துக்காதீங்க. அவங்க கையில இருக்கிறது மாதிரிக்குச் செஞ்ச ப்ரோட்டோடைப்தான். கார்டு, ரூல்ஸ் எல்லாம் பின்னாடி மாறலாம். ரிவ்யூன்னா எத்தனை தடவை, எத்தனை பேரோட ஆடினாங்கன்னு சொல்லணும். சொல்லலைன்னா என் கணக்குல அது விளம்பரம்.

கடைசியா ரூல்ஸ் வீடியோ. வாட்ச் இட் ப்ளேய்ட் மாதிரி சேனல்ல பொறுமையா சொல்லித் தருவாங்க. ஆனா எந்தப் பதிப்புக்கான வீடியோன்னு பாருங்க. கார்கசோன் 2000-ல வந்த, டைல் வெச்சு நகரம், வயல்னு உருவாக்குற கேம், ரூல்ஸ் சில தடவை மாறியிருக்கு. பழைய ரூல்ல ரெண்டே டைல்ல முடியுற குட்டி நகரத்துக்கு 2 புள்ளி, இப்போ டைலுக்கு ரெண்டா 4 புள்ளி. வயல்ல படுத்திருக்கிற விவசாயியோட கணக்கும் மாறிடுச்சு. பழைய வீடியோவை வெச்சுப் புதுப் பெட்டியை ஆடினா கடைசிக் கணக்குல சண்டை நிச்சயம். சில சேனல்கள் வீடியோல சொன்ன தப்பைத் திருத்தறதுக்குக் கிளிங்கான் மொழி சப்டைட்டிலைப் பயன்படுத்துறாங்க. ஆமா, ஸ்டார் ட்ரெக் தொடர்ல வர்ற கற்பனை மொழி கிளிங்கானேதான். டிஸ்க்ரிப்ஷன்ல அப்படி ஏதாவது போட்டிருந்தா ஆன் பண்ணிக்கோங்க.

வீடியோ ஓடறப்போ ரூல்புக் பிடிஎஃப்பும் பக்கத்துல இருக்கட்டும். பதிப்பாளர் தளத்துலயே பெரும்பாலும் கிடைக்கும். வீடியோல நழுவுறது பெரும்பாலும் ஓரத்து ரூல்தான். அசுல்ல தட்டுல மிஞ்சி மேசை நடுவுல சேர்ற டைலை முதல்ல எடுக்குறவங்க தொடக்க டைலையும் எடுத்துத் தன் பலகையில கீழ இருக்கிற தரை வரிசையில வைக்கணும், அதுக்கு மைனஸ் உண்டு. பலகையில இடது பக்கம் டைல் சேர்க்குற வரிசை நிரம்பினா, அதுல ஒரே ஒரு டைல்தான் வலது பக்கச் சுவருக்குப் போகும், மிச்சம் பெட்டி மூடிக்கு. நிரம்பாத வரிசை அப்படியே நிக்கும், அதைத் துடைக்கக் கூடாது.

வாங்குறதுக்கு முன்னாடி போர்டு கேம் அரீனாங்கிற ஆன்லைன் தளத்துல ஒரு ஆட்டம் போட்டுப் பாருங்க. கார்கசோன், அசுல் ரெண்டும் அங்க இருக்கு. ஒண்ணு மட்டும்: அங்க புள்ளிக் கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுடும், தப்பான நகர்வையும் தடுத்துடும். அதனால ஆட்டம் முடிஞ்சதும் ஸ்கோர் எப்படி வந்துச்சுன்னு பதிவைத் திறந்து வரி வரியா பார்த்துக்கோங்க. மேசையில அந்தக் கணக்கை நீங்கதான் போடணும்.